தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு நினைவு நடை: பெசன்ட் நகர் நிகழ்ச்சி பற்றிய மதிப்புரை

இந்த மதிப்புரையை எழுத வேண்டுமென்றே ஐந்து மாதங்கள் காத்திருந்தேன். நிகழ்ச்சி நடந்தது ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். மறுநாளே எழுதியிருந்தால் கடற்காற்று, சூரிய உதயம், சூடான பொங்கல், கண்கலங்கிய கூட்டம் என்று நாலு பத்தி நன்றாகவே வந்திருக்கும். ஆனால் 35 ஆண்டுகள் வங்கியில் பேரேடு பார்த்தவளுக்கு அந்த நாலு பத்தி போதாது. வாங்கிய பணம் எங்கே போயிற்று, ரசீது வந்ததா, வந்த ரசீது வருமான வரிக்குச் செல்லுமா, செய்வதாகச் சொன்ன வேலை நடந்ததா என்பதெல்லாம் பந்தலைப் பிரித்த பிறகே தெரியும். அவை தெரியாமல் நன்கொடை நிகழ்ச்சி ஒன்றைப் பாராட்டுவது, சாப்பாட்டைத் தொடாமலே வாழையிலையின் பசுமையைப் புகழ்வது போன்றது. இறந்துபோன பிள்ளையின் பெயரால் பெற்றோர் நடத்தும் நிகழ்ச்சியில் பொங்கலுக்கு உப்புக் குறைவு என்று சொல்வதுகூட நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தைச் சிலர் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதும் நாம் அறியாததல்ல.

நான் கலந்துகொண்டது பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நடந்த ஒரு நினைவு நடை. யூவிங் சார்கோமா என்ற அரிய எலும்புப் புற்றுநோயால் 17 வயதில் மறைந்த ஒரு பையனின் நினைவாக அவனுடைய பெற்றோர் சிறிய அறக்கட்டளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை இந்த நடையை நடத்தி, சேரும் தொகையை அந்த நோய் பற்றிய ஆய்வுக்குத் தருகிறார்கள். பையனின் பெயரையும் அறக்கட்டளையின் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேர் வேண்டாம் அக்கா. நோயோட பேரைப் போடுங்க. அதுதான் யாருக்கும் தெரியல" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நிகழ்ச்சியிலும் அதே போக்குதான். ஆளுயரப் படமோ மாலையோ இல்லை. பதிவு மேசையின் ஓரத்தில் அஞ்சலட்டை அளவில் ஒரு புகைப்படமும், அதன் பக்கத்தில் நெற்றிப் பட்டையில் வியர்வைக் கறை படிந்த ஒரு கிரிக்கெட் தொப்பியும் இருந்தன, அவ்வளவே.

பதிவுக் கட்டணம் ஒருவருக்கு ₹900. அந்தத் தொகையை அவர்கள் பிரித்துக் காட்டியிருந்த விதத்தில்தான் எனக்கு இந்த நிகழ்ச்சியின் மீது முதல் மதிப்பு உண்டாயிற்று. சட்டை, சிற்றுண்டி, தண்ணீர், ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் செலவுக்கு ₹400, நன்கொடை ₹500. வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவுக்கான ரசீது அந்த ₹500-க்கு மட்டுமே தரப்படும் என்று பதிவுப் படிவத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். இப்படி எழுதும் அமைப்பாளர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒரு சட்டையும் வயிற்றுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டியும் பெற்றுக்கொண்ட பிறகு அதற்கான தொகையையும் நன்கொடை என்று காட்டுவது கணக்கு முறைக்குப் பொருந்தாது. ஆயினும் முழுத் தொகைக்கும் தாராளமாக ரசீது கிழித்துக் கொடுக்கும் வழக்கம் ஊரில் இருக்கிறது. பான் எண்ணையும் பதிவின்போதே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நிதியாண்டு முடிந்ததும் நன்கொடையாளர் பட்டியலை அறக்கட்டளை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, நமக்கு 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும்; பான் எண் இல்லாமல் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு வரிக்கழிவு கேட்பது வீண் வேலை.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கட்டணத்துக்கு மேல் ₹5,000 தர நினைத்த நான், அழைப்பிதழில் முதலாவதாகக் கொடுக்கப்பட்டிருந்த இணையவழி நிதி திரட்டும் தளத்தின் மூலம் செலுத்த முயன்றேன். தொகையைத் தட்டச்சு செய்து அடுத்த திரைக்குப் போனால் ₹5,600 என்று காட்டியது. தளத்தை நடத்துவோருக்கான அன்பளிப்பு என்று 12 சதவீதத்தை அவர்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அதை நீக்க வேண்டுமென்றால் சதவீதப் பட்டியலைத் திறந்து, கடைசி வரியில் இருக்கும் 'வேறு தொகை' என்பதைத் தொட்டு, நாமே பூஜ்யம் என்று இட வேண்டும். இட்டவுடன் சோகமான முகம் ஒன்று திரையில் தோன்றி, மனம் மாறக் கூடாதா என்று கேட்கிறது. அந்தத் தளம் எது என்று சொல்ல விரும்பவில்லை. புற்றுநோயின் பெயரால் பணம் தர வருபவரிடம் இப்படிக் கைவரிசை காட்டுவதை வியாபார நுட்பம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. அறக்கட்டளையின் சொந்த வங்கிக் கணக்கு எண்ணும் யு.பி.ஐ. குறியும் அதே அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் இருந்தன. அவற்றை மேலே போட்டிருக்க வேண்டும். இதை நேரிலும் சொன்னேன்.

நடை பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலை ஆறே காலுக்குக் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அருகில் கூடினோம். ஆறரைக்குப் புறப்பட வேண்டியது ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்டது. மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று இரண்டு பாதைகள். தண்ணீரை மண்பானையில் வைத்து எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தார்கள். அதனால் வழியெங்கும் பிளாஸ்டிக் பாட்டில் கிடக்கவில்லை. சட்டை மட்டும் செயற்கை இழை. சென்னையில் ஜனவரியில்கூட ஏழரை மணி வெயிலுக்கு முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். பொங்கலும் வடையும் நன்றாக இருந்தன, சாம்பார் நீர்த்திருந்தது. பெரிய குறை என்று சொன்னால், ஐந்து கிலோமீட்டர் பாதையின் ஒரு பகுதியை மணலில் விட்டிருந்தார்கள். எலும்புப் புற்றுநோய்க்காக நடத்தும் நடையில் செயற்கைக் காலோடு வருபவர்கள் இருப்பார்கள் என்பது எதிர்பாராத விஷயமல்ல. முழங்காலுக்கு மேல் கால் நீக்கப்பட்ட ஓர் இளைஞர் மணலில் பத்தடி வைத்துவிட்டு, செயற்கைப் பாதம் புதைவதைப் பார்த்துச் சிரித்தபடி திரும்பிச் சாலைக்கு ஏறினார். அவர் சிரித்தார் என்பதற்காக அதைப் பிழையில்லை என்று சொல்லிவிட முடியாது.

புறப்படும் இடமாக அந்த வெள்ளை வளைவை அவர்கள் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்தது. 1930 டிசம்பரில் அக்கடலில் தத்தளித்தவர்களுக்கு உதவப் போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க் நாட்டுக்காரர் ஒருவருக்காக எழுப்பப்பட்டது அது. அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்னும் நம்மில் எத்தனை பேர் அதன் கல்வெட்டைப் படித்திருக்கிறோம் என்று தெரியவில்லை. நானே அன்று காலைதான் முதன்முறையாகக் கிட்டப்போய்ப் படித்தேன்.

நடை முடிந்து அனைவரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது பையனின் தாயார் பேசினார். பள்ளி ஆசிரியை அவர்; பேச்சு நான்கு நிமிடம் இருந்திருக்கும். பையன் பள்ளி அணியில் வேகப்பந்து வீசுபவன் என்பதால் முழங்காலுக்குக் கீழே வந்த வலியை முதலில் விளையாட்டில் பட்ட அடி என்று எல்லோருமே நினைத்தார்கள்; தைலம், கட்டு, ஓய்வு என்று நான்கு மாதம் கழிந்தது. இடையில் காய்ச்சல் வந்தபோது எலும்பில் சீழ் பிடித்திருக்கலாம் என்று மருந்து கொடுத்தார்கள். இந்த நோய்க்கு இது புதிய கதையல்ல. காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து வருவதால் எலும்பு நோய்த்தொற்று என்று எண்ணிவிடுவதும், வளரும் வயதில் பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் வருவதால் வளர்ச்சி வலி என்று விட்டுவிடுவதும் உலகம் முழுக்க நடப்பதுதான். யார் மீதும் அவர் குற்றம் சாட்டவில்லை. "ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலி, ஓய்வெடுத்தும் குறையாத வலி, ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. அவ்வளவுதான் நான் கேட்டுக்கறது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவருக்கு முன்னால் பேசிய வார்டு பிரமுகர் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இந்த நிகழ்ச்சியை மற்றப் பத்து நிகழ்ச்சிகளிலிருந்து பிரித்து நிறுத்துவது மேடையல்ல, பந்தலின் கிழக்கு மூலையில் போட்டிருந்த ஒரு மேசை. அதன் மேல் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு தட்டில் சில கண்ணாடிச் ஸ்லைடுகள், சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கூடுகளில் 'பிளாக்' எனப்படும் மெழுகுக் கட்டிகள். சிகிச்சைக்கு அலைந்த குடும்பத்தார் எல்லோருக்கும் இவை தெரியும், வேறு மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் "பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றுதான் முதல் கேள்வி வரும். அந்தப் பிளாக்கை நான் அன்றுதான் கையில் வைத்துப் பார்த்தேன். கூட்டின் சரிந்த முகப்பில் பென்சிலால் ஒரு எண். மெழுகுக்கு நடுவே, வெல்லத்தில் ஒட்டிக்கொண்ட வைக்கோல் துணுக்கைப் போலப் பழுப்பாக, புளியங்கொட்டையில் பாதிகூட இல்லாத ஒரு சதைத் துண்டு. அந்தத் துண்டு ஒருவருடைய எலும்பிலிருந்து வந்தது. மேசைக்குப் பின்னால் நின்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஸ்லைடைப் பொருத்திப் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்புப் பின்னணியில், தட்டில் நெருக்கிக் கொட்டிய கடுகு போல, ஒரே அளவில் நீல உருண்டைகள் நிறைந்திருந்தன.

சிக்கல் அந்த ஒரே மாதிரியான தோற்றத்தில்தான் இருக்கிறது என்று அவர் விளக்கினார். சிறிய, உருண்டையான, நீல நிறச் செல்கள் யூவிங் சார்கோமாவில் மட்டும் தெரிவதில்லை. சிறார்களுக்கு வரும் வேறு சில புற்றுகளும் நிணநீர்ப் புற்றில் சில வகைகளும் மைக்ராஸ்கோப்பின் அடியில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். ஜேம்ஸ் யூவிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1921-இல் இந்நோயைத் தனி வகையாக விவரித்தார். அதன் அடையாளம் மரபணு அளவில் பிடிபட்டது 1992-இல்தான். 11-ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உடம்பில் இருக்கக் கூடாத ஒரு கூட்டு மரபணு உருவாகிறது. யூவிங் நோயாளிகளில் சுமார் 85 சதவீதத்தினரிடம் இந்தக் குறிப்பிட்ட கூட்டு காணப்படுகிறது. ஆகவே நோயை உறுதி செய்ய மரபணுச் சோதனை தேவை. அதற்குச் சதைத் துண்டில் மரபணுப் பொருள் சிதையாமல் இருக்க வேண்டும்.

எலும்பில் அது எளிதில் நடப்பதில்லை. சதையை மெழுகில் பதித்து முடியைவிட மெல்லிய தகடுகளாகச் சீவிவிடலாம். எலும்பைச் சீவ முடியாது, கத்தி உடைந்துவிடும். எனவே முதலில் அதை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்குகிறார்கள். வலுவான அமிலம் வேலையை விரைவில் முடித்துவிடும். கூடவே சோதனைக்கு வேண்டிய மரபணுப் பொருளையும் தின்றுவிடும். ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினால் மரபணு பிழைக்கும், ஆனால் நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிவு எப்போது வரும் என்று வாசலில் பெற்றோர் நின்றுகொண்டிருக்கும்போது காத்திருப்பது எந்த ஆய்வகத்துக்கும் கடினம். இதற்கு மருத்துவர் சொன்ன தீர்வு சாதாரணமானது: பயாப்ஸி எடுத்தவுடனே துண்டில் எலும்பு கலவாத மென்மையான பகுதியைத் தனியே பிரித்து வேறு குப்பியில் அனுப்பிவிட வேண்டும், மீதி எலும்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அமிலத்திலும் மற்றொன்றை ஈ.டி.டி.ஏ.-யிலும் இட வேண்டும். இதற்குத் தனிக் குப்பிகள், தனி முத்திரைச் சீட்டு, ஃப்ரீசர் எனும் உறைகலத்தில் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக இதைச் செய்ய நினைவோடு ஓர் ஆள் வேண்டும். இந்த நடையில் திரளும் தொகை இவற்றுக்கும், பழைய நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்துப் பதிவு செய்யும் ஒரு தரவுப் பணியாளரின் சம்பளத்துக்கும் போகிறது.

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க நடக்கிறோம் என்று பலகையில் எழுதியிருந்தால் கூட்டம் இன்னும் இருமடங்கு வந்திருக்கலாம். அப்படி எழுதாமல் குப்பிக்கும் உறைகலத்துக்கும் சம்பளத்துக்கும் பணம் வேண்டும் என்று எழுதியிருந்ததால்தான் எனக்கு இந்த நிகழ்ச்சியில் நம்பிக்கை பிறந்தது. அரிய நோய்களில் ஆய்வு தடைப்படுவது பெரும்பாலும் ஆள் கணக்கில்தான். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவதை அரிய புற்றுநோய் என்று வரையறுக்கிறார்கள்; அப்படிப்பட்ட புற்றுகள் தனித்தனியே அரிதாக இருந்தாலும் சேர்த்துப் பார்த்தால் மொத்தப் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகின்றன. யூவிங் சார்கோமாவோ அமெரிக்காவில் 20 வயதுக்கு உட்பட்ட பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூவருக்குத்தான் வருகிறது. 1988 முதல் 1992 வரை அங்கே நடந்த ஒரு முக்கியமான மருந்துச் சோதனையில், நோய் உடம்பில் வேறெங்கும் பரவாத நிலையிலிருந்தவர்கள் 398 பேரைச் சேர்க்கவே அத்தனை ஆண்டுகள் ஆயின. முடிவு அச்சில் வந்தது 2003-இல். இரண்டு மருந்துகளைக் கூடுதலாகச் சேர்த்ததால் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்களின் பங்கு 61 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாக உயர்ந்தது என்பது அந்த முடிவு. நோய் ஏற்கெனவே பரவியிருந்தவர்களுக்கு அந்த மருந்துகள் கைகொடுக்கவில்லை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது அதற்கடுத்த சோதனை. 2001 முதல் 2005 வரை நோயாளிகளைச் சேர்த்து, 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. அதே கீமோவை 21 நாளுக்கு ஒரு முறை தருவதற்குப் பதிலாக 14 நாளுக்கு ஒரு முறை தந்து பார்த்தார்கள். ஐந்தாண்டு வரை நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தவர்களின் பங்கு 65-இலிருந்து 73 சதவீதமாயிற்று. நாட்காட்டியை மாற்றியதால் வந்த பலன் அது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள 568 பேரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர வேண்டியிருந்தது. தரவுப் பணியாளருக்குச் சம்பளம் என்றதும் முகம் சுளித்தவர்கள் எங்கள் மேசையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள், "சம்பளத்துக்கா நாம காசு குடுக்கறோம்?" என்றார் ஒருவர். ஆமாம், அதற்குத்தான். நம் நாட்டில் புற்றுநோய்ப் பதிவேடுகள் தொடக்கம் முதலே மருத்துவமனை மருத்துவமனையாகப் பணியாளர்கள் நேரில் போய் விவரம் சேகரித்துத்தான் வளர்ந்தன. 1980-களின் தொடக்கத்தில் தேசியத் திட்டம் தொடங்கியபோதே இடம்பெற்ற முதல் சில நகரங்களில் சென்னையும் ஒன்று.

விளம்பரதாரர் எவரும் இல்லாததும் கண்ணில் பட்டது. சட்டையின் முதுகில் கடைகளின் சின்னங்கள் இல்லை. டெர்ரி ஃபாக்ஸின் வழியைப் பின்பற்றியதாகப் பையனின் தந்தை சொன்னார். எலும்புப் புற்றின் இன்னொரு வகையால் 1977-இல் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தி, அடுத்த ஆண்டு ஜூனில் மறைந்தார். அந்த ஓட்டத்தில் எந்த நிறுவனமும் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள அவர் இடம் தரவில்லை. அவர் பெயரிலான ஓட்டம் கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் சிலருக்கு அந்த ஓட்டத்தின் சட்டைகள் நினைவிருக்கும். விளம்பரம் இல்லாததால் செலவு முழுவதும் நம் ₹400-இலிருந்தே வந்தாக வேண்டும். நிகழ்ச்சி எளிமையாக இருந்ததற்கு அதுவும் காரணம்.

நினைவு நிதி என்றாலே சிறிய காரியம் என்று நினைப்பவர்கள், நடை நடந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நினைத்துக்கொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் அதற்கு விதை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். ரத்தப் புற்றுநோயால் இறந்த மனைவி மெஹர்பாயின் நினைவாக தோராப்ஜி டாட்டா 1932-இல் அமைத்த அறக்கட்டளை, அந்நோய் பற்றிய ஆய்வுக்கே இன்றும் உதவுகிறது. பெசன்ட் நகர் நடையை அவற்றோடு ஒப்பிட நான் துணியவில்லை. வருந்தியவர்கள் மண்டபம் கட்டாமல் ஆய்வுக்குப் பணம் தருவது இங்கே புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கணக்கு. ஏப்ரல் கடைசியில் அரைத்தாளில் அச்சிட்ட வரவு செலவு விவரம் மின்னஞ்சலில் வந்தது. எவ்வளவு வந்தது, பந்தலுக்கும் சிற்றுண்டிக்கும் எவ்வளவு போயிற்று, ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதோடு, சில மாதிரிகள் தாமதமாக வந்ததால் பயன்படவில்லை என்ற வரியும் அதில் இருந்தது. பயன்படாததையும் எழுதும் நன்கொடை அறிக்கையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. மே 20-க்குள் 10பிஇ சான்றிதழும் வந்துவிட்டது. மே 31 கடைசி நாள். கட்டணத்தில் நன்கொடையான ₹500-உம் கூடுதலாகத் தந்த ₹5,000-உம் சேர்ந்து ₹5,500-க்கு வந்திருந்தது, ஆகச் சரி. 80ஜி-யில் பாதித் தொகைக்குத்தான் கழிவு கிடைக்கும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பதையும் ₹2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவே இல்லை என்பதையும் மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணே ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி மகன் பணம் அனுப்ப விரும்பினான். அவன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவன் என்பதால் அறக்கட்டளை வாங்க மறுத்துவிட்டது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறாமல் அப்படிப்பட்டவரிடம் வாங்கக் கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்கவே அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டு வயதாகியிருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அவன் மனைவி தன் சேமிப்பிலிருந்து அனுப்பியபோது வாங்கிக்கொண்டார்கள். சட்டத்தை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தது எனக்கு ஆச்சரியம். அவனுக்குத்தான் கொஞ்சம் கோபம்.

அடுத்த ஜனவரியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் போடுகிறேன். குறைத்த ஒன்று மணல் பாதைக்கும் அந்த இணையத் தளத்துக்கும். உபரித் தொகை தருவதானால் நேரே அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டு, பான் எண்ணை மறக்காமல் அனுப்புங்கள். சொந்தப் பருத்திச் சட்டையே போதும் என்று பதிவின்போது சொன்னால் சட்டைக்கான தொகையைக் குறைத்துக்கொள்கிறார்கள்; கேட்டால்தான் சொல்கிறார்கள். முக்கியப் பிரமுகர் பேசும்போது எழுந்து கிழக்கு மூலை மேசைக்குப் போய்விடுவது நல்லது. ஒன்பது மணிக்கு அந்த மருத்துவர் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பிவிடுகிறார், ஞாயிற்றுக்கிழமையானாலும்.